தொழுகையில் கை உயர்த்துவோரும் உயர்த்தாதோரும்

பிழைப்பை நாடி இம்மாநகருக்கு வந்து குடியேறிய நம் தமிழ் மக்கள், மூட்டை முடிச்சுகளோடு தத்தம் ஊர் வழக்கங்களையும் உடன் கொண்டுவந்தனர். மாட்டுங்காவில் ஒரே கட்டிடத்தின் ஒரே மாடியில் யஜுர் வேதத்தார் ஒரு நாளும், சாம வேதத்தார் வேறொரு நாளும் ஆவணி அவிட்டம் கொண்டாடிப் பூணூல் மாற்றிக்கொள்கின்றனர். ஒருவரை ஒருவர் 'உமது நாள் தவறு' என்று சொல்லக் கேட்டதில்லை. பாட்டனார் செய்தவாறு பேரனும் செய்கின்றான் என்று கருதி அமைதியடைகின்றனர்.

ஆயின் ரயில் பாதைக்கு அப்பால் தாராவியிலும் மாஹிமிலும் வாழும் நம் முஸ்லிம் அன்பர்களின் வீடுகளில் இவ்வமைதி எப்போதும் வாய்ப்பதில்லை. பள்ளிவாசலின் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் இரு தமிழர்களில் ஒருவர் குனியுமுன் கைகளை உயர்த்துகின்றார், மற்றவர் உயர்த்துவதில்லை. ஒருவர் 'ஆமீன்' என்பதை உரக்கச் சொல்கின்றார். மற்றவர் வாய்க்குள் சொல்லிக்கொள்கின்றார். இதனால் முகச்சுளிப்பும், சில வேளைகளில் கடுஞ்சொல்லும் எழுகின்றன. இவ்வேற்றுமைகள் யாவை, எவ்வழி வந்தன, இவற்றை நம் இல்லத்துச் சிறுவர்க்கு எவ்வாறு சொல்லிக்கொடுப்பது என்பனவற்றை இயன்ற அளவில் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். முஸ்லிம் வாசகர்களுக்கு இவற்றுட் பல பழகியவையே. ஏனைய வாசகர்களுக்கு அடுத்த வீட்டாரின் வழிபாட்டை அறிந்துகொள்ள இது ஒரு வாயிலாகும்.

நான்கு இமாம்கள்

ஸுன்னி முஸ்லிம்களிடையே நான்கு சட்டநெறிகள் நிலைபெற்றுள்ளன. அவற்றை மத்ஹபுகள் என்பர். கூஃபா நகரத்து இமாம் அபூ ஹனீஃபா (699–767) வழிவந்தது ஹனஃபி; மதீனா நகரத்து இமாம் மாலிக் (711–795) வழிவந்தது மாலிக்கி; காஸாவிற் பிறந்து எகிப்தில் மறைந்த இமாம் ஷாஃபிஈ (767–820) வழிவந்தது ஷாஃபி; பக்தாது நகரத்து இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855) வழிவந்தது ஹன்பலி.

இந்நால்வரும் ஒருவருக்கொருவர் பகைவராய் இருந்தவர் அல்லர். இமாம் ஷாஃபிஈ, இமாம் மாலிக்கிடம் நேரே பாடங்கேட்டவர்; பின்னர் அபூ ஹனீஃபாவின் மாணவரான முஹம்மது அஷ்ஷைபானியிடமும் கற்றவர். இமாம் அஹ்மத், ஷாஃபிஈயிடம் கற்றவர். குருவும் சீடருமாய்த் தொடர்ந்த ஒரு குடும்பத்திலேயே இக்கருத்து வேற்றுமைகள் பிறந்தன என்பதை முதற்கண் மனத்தில் இருத்துதல் நலம்.

எது பொது, எது வேறு

தொழுகையின் உடற்பகுதி நால்வர்க்கும் ஒன்றே. 'அல்லாஹு அக்பர்' என்னும் தக்பீர் கூறித் தொடங்குதல், நிற்றல், ஓதுதல், முழங்காலைப் பற்றிக் குனிதலாகிய ருகூவு, நெற்றி நிலத்திற் படப் பணிதலாகிய ஸுஜூது, கடைசி இருப்பு ஆகிய இவற்றில் நான்கு நெறியாரும் ஒன்றுபட்டு நிற்கின்றனர். வைகறையில் இரண்டு ரக்அத்து, அந்தி மயங்கியபின் மூன்று, ஏனைய மூன்று வேளைகளில் நான்கு என்னும் கடமைத் தொழுகைக் கணக்கிலும் வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் பெரும்பாலும் கைகள் எங்கே, கால்கள் எவ்வாறு, குரல் எவ்வளவு என்பவற்றிலேயே அமைந்துள்ளன.

முதல் தக்பீரின்போது ஹனஃபி ஆண்கள் பெருவிரல் காது மடலை எட்டுமாறு கைகளை உயர்த்துவர். ஷாஃபிகள் உள்ளங்கை தோளுக்கு நேராக அமையுமாறு உயர்த்துவர். பின்னர் ஹனஃபி ஆண்கள் தொப்புளுக்குக் கீழே கை கட்டுவர். ஷாஃபிகள் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே கட்டுவர். மாலிக்கிகளின் பெயர்பெற்ற வழக்கமோ, கடமைத் தொழுகையிற் கைகளைக் கட்டாமலே தொங்கவிட்டு நிற்பதாகும்.

ருகூவுக்குக் குனியும்போதும், அதிலிருந்து நிமிரும்போதும் ஷாஃபிகளும் ஹன்பலிகளும் மறுபடியும் கைகளை உயர்த்துவர். நடு இருப்பிலிருந்து எழும்போதும் ஷாஃபிகள் உயர்த்துவர். ஹனஃபிகள் தொடக்கத்தில் ஒருமுறை உயர்த்துவதோடு சரி. மாலிக்கிகளின் வழக்கமும் பெரும்பாலும் அதுவே. ஸுஜூதுக்குச் செல்கையில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் ஹன்பலிகளும் முதலில் முழங்காலை ஊன்றுவர். மாலிக்கிகள் கைகளை முதலில் ஊன்றுவர். இரண்டாம் ஸுஜூதுக்குப் பின் ஷாஃபிகள் ஒரு நொடி அமர்ந்து பின் எழுவர். ஹனஃபிகள் நேரே எழுந்து நிற்பர்.

இருப்பிலும் இவ்வாறே. ஹனஃபி ஆண்கள் இரண்டு இருப்புகளிலும் இடக்காலைப் பரப்பி அதன்மேல் அமர்ந்து, வலப்பாதத்தை நட்டுவைப்பர். ஷாஃபிகள் நடு இருப்பில் அவ்வாறு அமர்ந்து, கடைசி இருப்பில் இடக்காலை வலப்புறம் வெளியே விட்டுத் தரையில் அமர்வர். ஹனஃபிப் பெண்கள் நெஞ்சில் கை கட்டி, இரு கால்களையும் வலப்புறம் விட்டு அமர்வர். எனவே ஒரே நெறியைச் சார்ந்த ஒரே வீட்டிலும் தாயும் தந்தையும் ஒன்றுபோல் அமர்வதில்லை. இதை நாள்தோறும் கண்டும் எவரும் ஐயுறுவதில்லை.

இருப்பின்போது சுட்டுவிரலை நீட்டுவதில் நுட்பமான வேற்றுமை ஒன்றுண்டு. 'இறைவன் இல்லை, அல்லாஹ்வைத் தவிர' என்னும் பொருள்படும் கலிமாவை ஓதுகையில், ஹனஃபிகள் 'இல்லை' என்னும் மறுப்புச் சொல்லில் விரலை உயர்த்தி, 'தவிர' என்னும் சொல்லில் தாழ்த்துவர். ஷாஃபிகள் அச்சொல்லிலேதான் உயர்த்துவர். பின்னர் அசைக்காமல் அப்படியே வைத்திருப்பர். மாலிக்கிகள் விரலை வலமும் இடமுமாக அசைப்பர். ஒரு விரலின் அசைவிலும் பொருள் தேடிய அக்காலத்துப் பெரியோரின் கருத்தூன்றலை எண்ணி வியக்கின்றோம்.

குரலோசையிற் பெரிது 'ஆமீன்'. இமாம் உரக்க ஓதும் தொழுகைகளில் ஷாஃபிகளும் ஹன்பலிகளும் ஆமீனை உரக்கச் சொல்வர். ஹனஃபிகள் மெல்லச் சொல்வர். அதிகாலைத் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்தபின், ஷாஃபிகள் கைகளை ஏந்தி 'குனூத்' என்னும் வேண்டுதலை ஓதுவர். ஹனஃபிகள் அதனை இரவின் வித்ருத் தொழுகையில், ருகூவுக்கு முன் ஓதுவர்.

இவற்றுட் பெரும்பாலானவை 'சுன்னத்து' என்னும் வகையைச் சேர்ந்தவை. செய்தால் நன்மை உண்டு. விட்டுவிட்டாலும் தொழுகை முறியாது. எல்லாமே அத்தகையன என்று சொல்வதற்கில்லை. இமாமின் பின்னால் நிற்பவரும் 'ஃபாத்திஹா' அத்தியாயத்தை ஓதியே தீரவேண்டும் என்பது ஷாஃபி நெறி. வாளாவிருந்து கேட்கவேண்டும் என்பது ஹனஃபி நெறி. இது கனமான வேற்றுமையே. ஆயினும் கை உயர்த்துதலும் ஆமீனும் அக்கனத்தை உடையன அல்ல என்பதை அறிந்தோர் அனைவரும் ஒப்புவர்.

வேற்றுமை வந்த வழி

'நபிகள் நாயகம் ஒருவர்தாமே, அவர் தொழுத முறையும் ஒன்றாகத்தானே இருந்திருக்கவேண்டும்?' என்று கேட்பாருளர். நாயகத்தின் தொழுகையைப் பல்லாண்டுகள் பலர் கண்டனர். கண்ட தோழர்கள் பின்னர் பல நகரங்களுக்குச் சென்று குடியேறித் தாம் கண்டதைக் கற்பித்தனர். ருகூவின் போதும் நாயகம் கை உயர்த்தினார் என்னும் செய்தி இப்னு உமர் வாயிலாக வருகின்றது. தொடக்கத்தில் மட்டுமே உயர்த்தினார் என்னும் செய்தி இப்னு மஸ்ஊத் வாயிலாக வருகின்றது. இப்னு மஸ்ஊத் கூஃபாவிற் கற்பித்தவர். அந்நகரத்துக் கல்வியிலிருந்தே ஹனஃபி நெறி வளர்ந்தது. இமாம் மாலிக்கோ, மதீனா நகர மக்களின் தொடர்ந்த நடைமுறையையே ஒரு சான்றாகக் கொண்டார். ஒவ்வொரு நெறிக்கும் பின்னால் ஒரு நகரமும், ஓர் ஆசிரியப் பரம்பரையும் நிற்பதை இதனால் அறியலாம்.

நம் நாட்டுக்கு இந்நெறிகள் இருவேறு பாதைகளில் வந்தன. ஏமன் முதலிய அரபுக் கரைகளிலிருந்து மரக்கலமேறி வந்த வணிகரோடு ஷாஃபி நெறி வந்தது. ஆதலால் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களிலும், மலையாளக் கரையிலும், கொங்கணத்திலும், இலங்கையிலும், மலாய் நாட்டிலும், ஜாவாவிலும் அதுவே ஓங்கி நிற்கின்றது. வடக்கிலிருந்து தரைவழியே வந்த துருக்கிய, மொகலாய ஆட்சிகளோடு ஹனஃபி நெறி பரவியது. நம் உள்நாட்டு ராவுத்தர்களிற் பெரும்பாலோர் ஹனஃபிகளாகவும், கடற்கரை மரக்காயர்களிற் பெரும்பாலோர் ஷாஃபிகளாகவும் இருப்பதன் காரணம் இதுவே. கடல் ஒரு நெறியையும், குதிரை ஒரு நெறியையும் கொண்டுவந்தன எனலாம்.

இம்மாநகரமும் அவ்விரு பாதைகளும் கூடிய இடமாகும். மாஹிமில் அடங்கியுள்ள மகான் மக்தூம் அலி மாஹிமி (மறைவு 1431) ஷாஃபி நெறியில் வல்ல பேரறிஞர். குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதியவர். கொங்கணி முஸ்லிம்கள் இன்றும் ஷாஃபிகளே. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தோரும், மேமன் வணிகரும் ஹனஃபிகள். தாராவியின் முதற் பள்ளிவாசலாகிய படி மஸ்ஜித் 1887ஆம் ஆண்டில் எழுந்தது என்பர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் வேரூன்றிய காலம் அது. பின்னர் கடற்கரை ஊராரும், மலையாளிகளும், வடநாட்டாரும் அதே சந்துகளில் வந்து குடியேறினர். ஊரில் முப்பது மைல் இடைவெளியில் வாழ்ந்த இரு வழக்கங்கள் இங்கே மூன்றடி இடைவெளியில் நிற்க நேர்ந்தது.

முயற்கறி வைத்த சோதனை

கை கட்டும் முறையால் ஐயம் எழுவது புதிதன்று. மொராக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய இப்னு பதூதா (பிறப்பு 1304) ஒரு சுவையான நிகழ்ச்சியைத் தம் பயணநூலிற் குறித்துள்ளார். அவர் மாலிக்கி. துருக்கி நாட்டின் சினோப் நகரில் அவர் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுததைக் கண்ட ஊரார் திகைத்தனர். அவர்கள் அனைவரும் ஹனஃபிகள். மாலிக்கி முறையைக் கண்டறியாதவர்கள். ஷியாக்களும் கைகளைத் தொங்கவிடுவர் ஆதலின், இவரும் ஷியாவோ என ஐயுற்றனர். ஷியாக்கள் முயற்கறி உண்பதில்லை என்பதால், அந்நகரத்து அதிகாரி ஒரு முயலை அனுப்பிவைத்து, இவர் அதனை என்ன செய்கின்றார் என்று பார்த்துவரும்படி தம் பணியாளை ஏவினார். இவர் அதை அறுத்துச் சமைத்து உண்டார். ஐயம் நீங்கிற்று; விருந்தும் வந்தது!

அதே இப்னு பதூதாவை டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் நீதிபதியாக நியமித்தபோது, தாம் மாலிக்கி என்றும், மக்கள் ஹனஃபிகள் என்றும், மொழியும் தமக்குத் தெரியாதென்றும் அவர் தயங்கினார். சுல்தான் அவருக்குத் துணையாக இருவரை அமர்த்திச் சிக்கலைத் தீர்த்துவைத்தார். ஒரு நகரம் அறியாமையால் ஐயுற்றது. மற்றொரு நகரம் ஏற்பாட்டினால் இணக்கம் கண்டது. இரண்டுமே நமக்குப் பாடங்களாம்.

நீதிமன்றம் ஏறிய ஆமீன்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இவ்வேற்றுமை நீதிமன்றப் படியையும் ஏறியது. 1885ஆம் ஆண்டில், பள்ளிவாசலில் ஆமீனை உரக்கச் சொன்னதற்காக, வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைத்தார் என்னும் குற்றச்சாட்டில் ரம்ஸான் என்பவர் மீது தொடுக்கப்பெற்ற வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த அமர்வில் வீற்றிருந்த ஸையித் மஹ்மூத், அலிகார் கல்லூரியை நிறுவிய ஸர் ஸையித் அஹ்மத் கானின் புதல்வர். அவர் மற்ற நீதிபதிகளோடு கருத்து மாறுபட்டு, அரபுச் சட்டநூல்களை ஆராய்ந்து நீண்டதொரு தனித்தீர்ப்பை எழுதினார். ஆமீன் சொல்வதில் நான்கு நெறியாரும் ஒன்றே, ஓசையில் மட்டுமே வேற்றுமை என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

1889ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தில் வந்த வழக்குகளில் சட்டம் தெளிவுபெற்றது. இறைவனுக்கென்று அர்ப்பணிக்கப்பெற்ற பள்ளிவாசல் எந்தவொரு பிரிவாருக்கும் தனியுடைமை ஆகாது. எந்த நெறியைச் சார்ந்த முஸ்லிமும் அதனுட் சென்று தம் நெறிப்படி தொழலாம். மனச்சாட்சிப்படி உரக்க ஆமீன் சொல்வது குற்றமன்று. ஆனால் பிறர் தொழுகையைக் கலைக்கும் தீய எண்ணத்தோடு சென்றவர் குற்றவாளியாவார் என்பது அதன் சாரம். 1891ஆம் ஆண்டில், ஆமீனோடு கை உயர்த்துதலும் சேர்ந்த ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

காஞ்சியில் வடகலை, தென்கலை வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்ததை நம் மாட்டுங்கா அன்பர்கள் நன்கு அறிவர். வழக்குக்குச் செலவிட்ட பணத்தில் எத்தனை பிள்ளைகள் படித்திருப்பர் என்னும் எண்ணமே நமக்கு எழுகின்றது. ஆயினும் அலகாபாத் தீர்ப்பில் அடங்கிய நியாயம் மிக எளிது: செயலைப் பாராமல் எண்ணத்தைப் பார் என்பதே அது.

அண்மைக் காலத்தில் தமிழகத்திலும் இப்பொருள் சூடேறியது. கடந்த நாற்பது ஆண்டுகளில், நான்கு நெறிகளில் ஒன்றைப் பின்பற்றுவதை விடுத்து, குர்ஆனையும் ஹதீஸையும் நேரே பின்பற்றுவோம் என்னும் இயக்கங்கள் ஊர்தோறும் வளர்ந்தன. நெஞ்சின்மேல் கை கட்டுதலும், இருப்பில் விரலை அசைத்துக்கொண்டேயிருத்தலும் வாதத்துக்கு உரியவாயின. சில ஊர்களிற் பள்ளிவாசல்களும் பிரிந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. அதற்கு உரிய அறிஞர் உளர். ஒரே தெருவில் ஸலாம் சொல்வது நின்றுபோனால், அதன் நட்டம் இருதரப்புக்கும் உரியது என்பதை மட்டும் சொல்லுவோம்.

ஒரு சிறுவனின் கேள்வி

தாராவியில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தந்தை காயல்பட்டினத்தார்; தாய் உள்நாட்டு ஹனஃபி வீட்டுப் பெண். அவர்களின் மகன் தந்தையைப் பார்த்துக் கை உயர்த்தித் தொழப் பழகியவன். மாலையில் ஓதச் சென்ற இடத்தில், புதிதாய் வந்த ஆசிரியர் ஒருவர் ஏனைய பிள்ளைகளின் முன்னே அவன் கையைத் தட்டிவிட்டு, 'ஈ ஓட்டுகின்றாயா?' என்று கேலி செய்துவிட்டார். சிறுவன் சில நாட்கள் ஓதச் செல்லவில்லை. பின்னர் ஒரு மாலை, 'உம்மா, ஹஜ்ரத் சொல்வது சரியென்றால் வாப்பாவின் தொழுகை எல்லாம் வீணா?' என்று தாயைக் கேட்டான்.

அத்தாய் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். 'வாப்பாவின் வாப்பா தொழுததும் சரி, என் அத்தா தொழுததும் சரி. நீ வாப்பாவைப் போல் தொழு; ஆனால் யாரையும் பார்த்துச் சிரிக்காதே' என்றார். அவ்வளவே. மறுநாள் தந்தை சென்று ஆசிரியரிடம் அமைதியாகப் பேசினார். சிறுவன் மீண்டும் ஓதச் சென்றான். பக்கம் பக்கமாய் எழுதிய தீர்ப்புகளின் சாரம் அத்தாயின் மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்ததைக் கேட்டு மகிழ்ந்தோம்.

ஒரு பிள்ளையின் மனத்தில் 'என் தந்தையின் வழிபாடு பொய்' என்னும் முள் தைத்துவிட்டால், அது தொழுகையை மட்டுமன்றித் தந்தையையும் அவனிடமிருந்து பிரித்துவிடும். ஊரைவிட்டு வந்த நமக்கு, அடுத்த தலைமுறையோடு உள்ள கயிறுகள் ஏற்கெனவே மெலிந்தவை. மொழி மெலிகின்றது, உறவுமுறை மெலிகின்றது. வழிபாட்டுக் கயிற்றையும் நாமே அறுக்கலாமா?

இணங்கி நிற்கும் வழி

முன்னோர் இதற்கு வழி வகுத்தே வைத்துள்ளனர். வைகறைத் தொழுகையில் ஷாஃபி இமாமின் பின்னே நிற்கும் ஹனஃபி, அவர் குனூத் ஓதி முடிக்கும்வரை கைகளைத் தொங்கவிட்டு அமைதியாய் நிற்பார். ஹனஃபி இமாமின் பின்னே நிற்கும் ஷாஃபி, நேரம் வாய்த்தால் சுருக்கமாக ஓதிவிட்டு ஸுஜூதில் இமாமைச் சேர்ந்துகொள்வார். இல்லையேல் விட்டுவிட்டு அவரைத் தொடர்வார். எவரும் வரிசையை விட்டு வெளியேறவேண்டுவதில்லை. இமாம் ஷாஃபிஈ, அபூ ஹனீஃபாவின் அடக்கத்தலத்தருகே வைகறைத் தொழுகை தொழுதபோது, அப்பெரியாருக்கு மரியாதையாகத் தம் வழக்கமான குனூத்தை ஓதாமல் விட்டார் என்றொரு செய்தி வழங்கிவருகின்றது.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் ஹனஃபி மாணவரும் ஷாஃபி மாணவரும் ஒருங்கே பயின்றுவந்துள்ளனர். மலையாளக் கரையின் ஷாஃபி அறிஞர் பலர் 'பாகவி' என்னும் அக்கல்லூரிப் பட்டத்தைப் பெயரோடு தாங்கி நிற்கின்றனர். கற்றோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து படிக்கும்போது, கல்லாதோர் ஒரே வரிசையில் நின்று பூசலிடுவது எவ்வாறு பொருந்தும்?

'எல்லாம் சரியென்றால் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக விரும்பியபடி செய்யலாமோ?' என்றும் சிலர் வினவுவர். நாம் ரயில்வேயில் கணக்கு எழுதுபவராதலின், நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்லுவோம். நம் மாட்டுங்காவுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா. மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு. தண்டவாளம் வேறு, கால அட்டவணை வேறு. ஆயினும் இரண்டு வழிகளும் தாதரைத் தொடுகின்றன. எந்த வழியிற் சென்றாலும் தாதர் சேரலாம். ஆனால் ஒரு வண்டியில் ஏறியவர் நடுவழியில் மற்ற வழிக்குத் தாவுவதில்லை. வசதிக்காக ஒவ்வொரு நெறியிலும் எளியதை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதை அறிஞர்கள் தடுத்ததும் இக்காரணத்தாலேயே.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் குடும்பத்து முறையை முழுமையாகக் கற்றுக்கொடுங்கள். அதோடு அடுத்த வீட்டு முறையும் ஒரு முறையே என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களே! ஒரு பிள்ளையின் கையைத் திருத்துமுன், அக்கை எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிற சமயத்து அன்பர்களே! உங்கள் நண்பர்கள் இருவர் இருவேறு விதமாகத் தொழக் கண்டால், அது பிளவென்று எண்ணற்க. ஒரே நூலுக்கு எழுந்த இரண்டு பழம்பெரும் உரைகள் என்று கொள்க.

கைகள் உயரலாம், உயராமலும் இருக்கலாம். நெற்றிகள் எல்லாம் ஒரே நிலத்தையே தொடுகின்றன. அந்நிலத்தில் நின்று அண்டை வீட்டானோடு மனம் ஒன்றி வாழ்வோமாக.